கேள்வி ஞானத்தில் ஒரு வயலின்: ஜாஸில் ‘தானே கற்றவர்’ என்றால் என்ன?

டென்மார்க்கின் பழைய ஜாஸ் கலைஞர்களைப் பற்றிய குறிப்புகளைப் புரட்டினால் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படும்: ‘ஆட்டோடிடாக்ட்’. தானே கற்றவர் என்று பொருள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சேர்க்கையும் இருக்கும்: ‘இசைக்கலைஞர், நடிகர்’. முதன்முதலில் படிக்கிறவருக்கு இரண்டுமே இடறும். வாத்தியார் இல்லாமல் ஒருவர் எப்படி அந்த உயரத்துக்குப் போனார்? ஜாஸ் வாசிக்கிறவருக்கு அரிதாரம் பூசிக்கொள்ளும் வேலை எதற்கு?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் பதில் ஒன்றுதான் என்பது என் கட்சி. அதை ஒரு ஆளை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். பெயர் ஸ்வென் அஸ்முசன். 1916 பிப்ரவரி 28 அன்று கோபன்ஹேகனில் பிறந்தவர், 2017 பிப்ரவரி 7 அன்று மறைந்தார். நூற்றியோராவது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வயலின் வாசித்தார், வைப்ரஃபோன் வாசித்தார், பாடினார், மேடையில் சிரிக்க வைத்தார், திரைப்படங்களில் முகம் காட்டினார்.

தொடங்குமுன் ஒரு திருத்தம். ‘தானே கற்றவர்’ என்பதை ‘யாரிடமும் எதுவும் கற்காதவர்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அஸ்முசன் ஏழு வயதில் வயலின் பிடித்தவர். வில்லை எப்படிப் பிடிப்பது, விரலை எங்கே வைப்பது என்ற அடிப்படையெல்லாம் பிள்ளைப் பருவத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஐரோப்பியச் செவ்வியல் இசையின் அடிப்படை. அவருக்குப் பதினாறு வயதானபோது ஜோ வெனூட்டி என்ற அமெரிக்க வயலின் கலைஞரின் இசைத்தட்டுகள் காதில் விழுந்தன. வயலினில் இப்படியும் வாசிக்கலாமா என்று அந்தப் பையன் கேட்டிருந்தால், பதில் சொல்ல கோபன்ஹேகனில் ஒரு வாத்தியாரும் இருந்திருக்க மாட்டார். தட்டைத் திரும்பச் சுழலவிடுவதுதான் ஒரே வழி.

நம் ஊரில் இதற்கு அழகான பெயர் உண்டு: கேள்வி ஞானம். ஆனால் நாம் அதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வோம். “முறையாகப் படிக்கவில்லை, ஏதோ கேள்வி ஞானம்” என்று இழுப்போம். ஜாஸில் அந்தக் கூச்சம் கிடையாது. அங்கே வெகுகாலத்துக்கு அதுதான் முறையான படிப்பே.

பள்ளிக்கூடம் இல்லாத பாடம்

காரணம் எளிது. பள்ளிக்கூடமே இல்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஹோக் இசைக்கல்லூரியில் 1928இல் ஒரு ஜாஸ் வகுப்பு திறந்தார்கள், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதை மூடினார்கள். இன்று ஜாஸ் கல்வி என்றதும் எல்லோரும் சொல்லும் பாஸ்டனின் பெர்க்லி, வேறொரு பெயரில் தொடங்கப்பட்டதே 1945இல்தான். டென்மார்க்கில் இந்த வகை இசைக்கென்று அரசு அங்கீகாரத்தோடு ‘ரிட்மிஸ்க்’ இசைக்கல்லூரி கோபன்ஹேகனில் வந்தது 1986இல். அப்போது அஸ்முசனுக்கு வயது எழுபது. பிள்ளை அறுபதாம் கல்யாணத்தையும் தாண்டிய பிறகு பள்ளிக்கூடம் திறந்த கதை.

ஆகவே அந்தத் தலைமுறை டேனிஷ் ஜாஸ்காரர்களில் ‘தானே கற்றவர்’ என்பது விதிவிலக்கே அல்ல, அதுதான் விதி. பாராட்டாகவும் குறையாகவும் அதைப் பார்க்கத் தொடங்கியது பள்ளிகள் வந்த பிறகுதான்.

மூன்று நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது?

சரி, இசைத்தட்டு குருவானால் பாடம் எப்படி நடக்கும்? இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்க வேண்டிய இடம் இதுதான்.

அந்தக் காலத்துத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசைதான் அடங்கும். அன்றைய பாடல்களில் மிகப் பல 32 ‘பார்’ கொண்டவை. இங்கே ‘தட்டு’ என்பது தாளத்தின் தட்டு; நான்கு தட்டுகள் சேர்ந்தது ஒரு பார். ஆக பாட்டை ஒருமுறை முழுதாக வாசிக்கும் ஒரு சுற்றுக்கு 128 தட்டு. நிமிடத்துக்கு 160 தட்டு என்ற சுறுசுறுப்பான நடையில் போனால் ஒரு சுற்று முடிய 48 விநாடி ஆகும். மூன்று நிமிடத்தில் நான்கு சுற்றுகூட முழுசாக வராது. அதில் முதல் சுற்றில் பாட்டின் மெட்டை வாசித்துவிடுவார்கள். இன்னொன்றைப் பாடகர் எடுத்துக்கொள்வார், மிச்சத்தை டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பங்கு போடும். வயலினுக்கு ஒரு சுற்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பையன் கையில் இருக்கும் பாடப்புத்தகம் அந்த 48 விநாடிதான். ஆனால் அந்த 48 விநாடி வெனூட்டி எழுதி வைத்து வாசித்தது அல்ல, அந்த நேரத்தில் அங்கேயே பிறந்தது. ஜாஸின் உயிர் இந்தக் கற்பனை வாசிப்பில்தான் இருக்கிறது. கல்பனாஸ்வரம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதன் சட்டகம் சீக்கிரம் பிடிபடும். தாளம் ஓடிக்கொண்டே இருக்கும், கலைஞர் மனம்போல் அலைவார், ஆனால் எடுப்புக்குச் சரியாக வந்து சேர வேண்டும். ஜாஸிலும் அலையலாம். 32 பார் முடியும் இடத்தில் பாட்டின் தலைக்கு வந்து நிற்காவிட்டால் உடன் வாசிப்பவர்கள் ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

வேறுபாடும் பெரியது. நம் இசையில் ஒரு ராகத்துக்குள் போய்விட்டால் அதே வீட்டுக்குள் அறை அறையாகச் சுற்றலாம். ஜாஸில் அடியில் பியானோவும் கிட்டாரும் போடும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், ஒன்றிரண்டு பாருக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கார்டுக்கு இனித்த சுரம் அடுத்த கார்டில் உறுத்தும். ஓடும் ரயிலில் பெட்டி விட்டுப் பெட்டி நடப்பது போன்ற வேலை அது. இணைப்பில் கால் வைக்கும் கணம்தான் விஷயமே. வெனூட்டி அந்த இணைப்புகளை எப்படிக் கடந்தார் என்பதைத் தட்டைக் கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். வயலின்காரர் தம் ஒற்றை வரியை மட்டும் கேட்டால் போதாது, அடியில் வெனூட்டியின் கூட்டாளி எட்டி லாங்கின் கிட்டார் எங்கே நகர்கிறது என்பதையும் காது பிரித்தெடுக்க வேண்டும்.

வேகமாக ஓடும் சுரங்களைப் பிடிக்க ஒரு தந்திரம் இருந்தது. கிராமஃபோனின் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கிவிடும், பிறகு அதற்கேற்ப நம் வாத்தியத்தை இறக்க வேண்டும். பிற்காலத்தில் நீண்ட தட்டுகள் வந்தபோது வேறொரு வசதி கிடைத்தது. 33 சுற்றுத் தட்டைப் பதினாறு சுற்றில் ஓட்டினால் எல்லாம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ‘ச’ அப்போதும் ‘ச’தான். எத்தனையோ ஜாஸ் கலைஞர்களின் இரவுகள் அந்தப் பதினாறாம் எண் பொத்தானில் கழிந்திருக்கின்றன.

இதெல்லாம் எப்படியோ தாளில் எழுதிவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். எழுதவே முடியாத ஒன்று ‘ஸ்விங்’. ஒரு தட்டை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பாதியும் சமமாக இருப்பதுதான் நியாயம். ஜாஸில் முதல் பாதி நீளும், இரண்டாவது குறுகும். திஸ்ர நடையில் ‘தகிட’ சொல்லும்போது முதல் இரண்டையும் ஒட்டிவிட்டு ‘தா–ட, தா–ட’ என்று சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த ஆட்டம் வரும். ஆனால் கிட்டத்தட்டதான். வேகம் ஏற ஏற அந்த ஏற்றத்தாழ்வு குறையும். ஒவ்வொரு கலைஞரும் அதை வேறு அளவில் வைப்பார். மூன்றில் ஒரு பங்கா, ஐந்தில் இரண்டு பங்கா என்று எவரும் அளந்து வாசிப்பதில்லை. மாமியார் சமையலைப் பார்த்து உப்பு போடப் பழகுவது மாதிரி, பக்கத்தில் நின்றால்தான் வரும்.

வயலினுக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. செவ்வியல் பயிற்சி பெற்ற கை வில்லை இறக்கும்போது தட்டின் தலையில் அழுத்தம் கொடுக்கப் பழகியிருக்கும். ஜாஸ் கேட்பதோ தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அழுத்தம். ஏழு வயதிலிருந்து பழகிய கையை அஸ்முசன் திருப்பிப் பழக்க வேண்டியிருந்தது. கற்றதை மறக்கச் சொல்லித்தர எந்த ஊரிலும் வாத்தியார் கிடைப்பதில்லை.

நகலிலிருந்து நகர்வது

1933இல், பதினேழு வயதில், அஸ்முசன் தொழில்முறைக் கலைஞராகிவிட்டார். வெனூட்டியின் நிழல் அவர்மேல் அப்போது கனமாகவே கிடந்தது. கேள்வி ஞானத்தின் ஆபத்து இதுதான். குரு எதிரில் இருந்தால் “என்னை மாதிரி வாசிக்காதே” என்று ஒருநாள் திட்டுவார். தட்டு திட்டாது.

அவரை அந்த நிழலிலிருந்து இழுத்தவர் இன்னொரு அமெரிக்கர், ஸ்டஃப் ஸ்மித். 1930களிலேயே வயலினுக்கு மின்பெருக்கி மாட்டியவர் இவர். டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் வயலின் கேட்காமல் போகும் பிரச்சினைக்கு அதுதான் வழி. வாசிப்பும் அதற்கேற்ப முரட்டுத்தனமானது. இனிமைக்காக மெனக்கெடாமல், வில்லால் வெட்டுகிற மாதிரி வாசிப்பார். வெனூட்டியின் பளபளப்பும் ஸ்மித்தின் முரடும் ஒரே கையில் சேர்ந்தபோது இருவருக்கும் சொந்தமில்லாத ஒன்று வந்தது. தானே கற்பவர்களிடம் சொந்த பாணி பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஒருவரை நகல் எடுத்தால் நகல். ஒத்துவராத இருவரை நகல் எடுத்தால், இடைவெளியை நாமே இட்டு நிரப்ப வேண்டியதாகிறது.

ஸ்மித் பிற்காலத்தில் டென்மார்க்குக்கே வந்து சேர்ந்தார். 1965இல் கோபன்ஹேகனில் குடியேறியவர், 1967இல் ஜெர்மனியின் மியூனிக்கில் இறந்தார். டென்மார்க்கின் ஜூட்லாந்தில் கிளாக்ரிங் என்ற சிற்றூரில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இறப்பதற்கு முன் அஸ்முசனும் அவரும் சேர்ந்து வாசித்துப் பதிவும் செய்தார்கள். தட்டில் கேட்ட குரலோடு ஒரே ஒலிவாங்கி முன் நிற்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

நடிப்பு எங்கிருந்து வந்தது?

இப்போது இரண்டாவது கேள்வி. மேலே சொன்ன இருவரையும் இன்னொரு முறை பாருங்கள். வெனூட்டி பெரிய குறும்புக்காரர். வில்லின் முடியை ஒரு முனையில் கழற்றி, வயலினை முடிக்கும் கோலுக்கும் நடுவே செருகி, நான்கு கம்பியையும் ஒரே நேரத்தில் வாசித்துக் காட்டுவது அவருடைய வித்தை. ஸ்மித் நசுங்கிய தொப்பியோடு மேடையேறி வேடிக்கைப் பாட்டுப் பாடியவர். அஸ்முசன் சேர்ந்து வாசித்த ஃபேட்ஸ் வாலரோ பியானோ வாசித்தபடியே புருவத்தை நெளித்து, பாட்டின் வரிகளையே கிண்டல் செய்கிறவர். ஜோசஃபின் பேக்கரோடும் அஸ்முசன் வாசித்திருக்கிறார், அவர் ஆட்டத்துக்கும் வேடத்துக்கும் பெயர் போனவர்.

அதாவது அஸ்முசனுக்குக் கிடைத்த பாடத்தில் வயலினும் கோமாளித்தனமும் பிரித்து வைக்கப்படவே இல்லை. ஒரே பொட்டலமாகத்தான் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் ஒரு பாடத்திட்டக் குழு உட்கார்ந்து ‘இது இசை, இது கூத்து’ என்று கத்தரித்துக் கொடுத்திருக்கும். தட்டிலும் மேடையிலும் கற்றவருக்கு அந்தக் கத்தரி வாய்க்கவில்லை. தானே கற்றதும் நடிகரானதும் ஒரே பதிலில் முடிகின்றன என்று முதலில் சொன்னது இதைத்தான்.

ஊரின் அமைப்பும் கை கொடுத்தது. 1930களில் டென்மார்க்கின் மக்கள்தொகை நாற்பது லட்சத்தைத் தொடவில்லை. நாடகம், வானொலி, திரைப்படம், நடன விடுதி எல்லாம் கோபன்ஹேகனிலேயே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. ஜாஸை மட்டும் நம்பிப் பிழைக்க அந்தச் சந்தை போதாது. அங்கே ‘ரெவ்யூ’ என்றொரு மேடை வடிவம் உண்டு. பாட்டு, நாட்டு நடப்பைக் குத்தும் சிறு நாடகங்கள், நகைச்சுவை எல்லாம் கலந்த கதம்பம். கோடைக்காலத்தில் களைகட்டும். நகருக்கு வடக்கே பாக்கன் பூங்காவில் 1935இல் தொடங்கிய சர்க்கஸ் ரெவ்யூ இன்னும் நடக்கிறது. வாத்தியக்காரர் ஒருவர் ரெவ்யூவில் இரண்டு பாட்டுப் பாடுவார், அடுத்த காட்சியில் ஓர் ஆள் குறைந்தால் வசனமும் பேசுவார், அடுத்த பருவத்தில் திரைப்படக்காரர்கள் வந்து கூப்பிடுவார்கள். திருவிழா நாடகத்தில் ஹார்மோனியக்காரர் பின்பாட்டுக்கும் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பேசும் படம் வந்த புதிதில் டேனிஷ் சினிமாவுக்கும் ஜாஸ் தேவைப்பட்டது. அமெரிக்க டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 1933இல் கோபன்ஹேகன் வந்தபோது அவரை மேடையில் வாசிக்க வைத்து ஒரு டேனிஷ் படத்துக்காகப் பதிவு செய்தார்கள். இளம் ஆம்ஸ்ட்ராங் மேடையில் எப்படி நின்றார், எப்படி வியர்வையைத் துடைத்தார் என்று நாம் இன்று பார்க்க முடிவது அதனால்தான். இரண்டு வருடம் கழித்து, விளக்குகள் வடிவமைத்துப் புகழ்பெற்ற பௌல் ஹென்னிங்சன் அரசுக்காக டென்மார்க்கைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். பின்னணிக்கு பெர்ன்ஹார்ட் கிறிஸ்டென்சனின் ஜாஸ். பசுவும் வயலும் மிதிவண்டியும் ஜாஸ் தாளத்தில் ஓடுவதைப் பார்த்துப் பெரிய மனிதர்கள் பலர் கொதித்துப் போனார்கள். (ஹென்னிங்சன் ரெவ்யூக்களுக்குப் பாட்டும் எழுதியவர். அந்த ஊரில் எல்லாரும் எல்லாமும் செய்திருக்கிறார்கள்.)

கதவு சாத்தியபோது

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்கைப் பிடித்தது. 1945 மே 5 வரை அந்த ஆக்கிரமிப்பு நீடித்தது. ஜெர்மனிக்குள் ஜாஸைச் சீரழிந்த இசை என்று ஒடுக்கியவர்கள், டென்மார்க்கில் முதல் மூன்று ஆண்டுகள் உள்ளூர் அரசை விட்டுவைத்திருந்ததால், அங்கே ஜாஸை அடியோடு நிறுத்தவில்லை. ஆனால் அமெரிக்கக் கலைஞர்களின் வருகை நின்றுபோனது. புதிய தட்டுகளின் வரத்தும் வற்றியது.

இங்கேதான் வேடிக்கை. டேனிஷ் ஜாஸின் பொற்காலம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரியாக இந்த ஐந்து வருடத்தைத்தான். அதுவரை வெளியூர்ப் புகழுக்குப் பின்னால் நின்றவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள். கூட்டம் அலைமோதியது. ஜாஸ் கேட்பதே ஆக்கிரமிப்பாளரைப் பார்த்துச் சத்தமில்லாமல் முகம் சுளிப்பது போல ஆனது. லியோ மதிசன் என்ற பியானோக்காரர் வாயில் சுருட்டோடு, தாமே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளை ஃபேட்ஸ் வாலர் பாணியில் பாடிக் கொண்டாட்டப் பொருளானார். ஜெர்மானியர் ஆளும் நகரில் ஆங்கிலத்தில் பாடுவதன் ருசியே தனி. அஸ்முசனின் குழுவும் அந்த வருடங்களில்தான் நாடறிந்த பெயரானது.

கற்றல் என்ற கோணத்தில் எனக்கு இந்தக் காலம் இன்னொரு காரணத்தால் முக்கியம். புதிய தட்டு வராவிட்டால் நகல் எடுக்கவும் ஒன்றுமில்லை. உள்ளதை வைத்து, ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் வளர வேண்டும். குரு அஞ்சலில் வருவது நின்றதும் மாணவர்கள் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள்.

1943 ஆகஸ்ட் 29 அன்று டேனிஷ் அரசு விலகியபின் நிலைமை இறுகியது. ஊரடங்கு வந்தது. 1944 ஜூனில், நாசவேலைகளுக்குப் பழிவாங்கலாக, ஜெர்மன் ஆதரவுக் கும்பல் கோபன்ஹேகன் மக்களின் செல்லமான டிவோலி பூங்காவில் குண்டு வைத்தது. அங்கிருந்த இசையரங்கு எரிந்துபோனது.

மூவர் கூட்டணி

ஜாஸும் நடிப்பும் ஒரே உடம்பில் இருந்ததற்கு இன்னும் சுத்தமான உதாரணம் அஸ்முசனின் கூட்டாளி உல்ரிக் நோய்மான். 1918இல் பிறந்த கிட்டார் கலைஞர், பாடகர், பல டேனிஷ் படங்களில் நடித்தவர். அக்காலத்தில் சகோதரி கெர்டாவோடு சேர்ந்து பாடிய ஜோடிப் பாட்டுகள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. 1947 ஜனவரி 26 அன்று கோபன்ஹேகனின் காஸ்ட்ரூப் விமான நிலையத்தில் மேலெழுந்த ஒரு டச்சு விமானம் உடனே விழுந்து நொறுங்கியது. வால்பகுதியில் மாட்டியிருந்த பூட்டைக் கழற்றாமல் கிளம்பிவிட்டார்கள். இறந்த 22 பேரில் கெர்டா நோய்மானும் அவர் கணவரும் இருந்தார்கள். ஸ்வீடனின் இளவரசர் குஸ்டாஃப் அடால்ஃபும் அமெரிக்கப் பாடகி கிரேஸ் மூரும் அதே விமானத்தில் இருந்ததால் உலகச் செய்தியானது.

1958இல் நோய்மான், அஸ்முசன், ஸ்வீடனின் பாடகி ஆலிஸ் பாப்ஸ் மூவரும் சேர்ந்து ‘ஸ்வீ-டேன்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். பாப்ஸ் அர்த்தமில்லாத அசைகளை வைத்து வாத்தியம் போலப் பாடுவதில் கெட்டிக்காரர். ஜாஸில் அதற்கு ‘ஸ்கேட்’ என்று பெயர், கொன்னக்கோல் கேட்டவர்கள் தூரத்துச் சொந்தம் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அவர் குரலும் வயலினும் ஒரே வரியில் ஓடும், கிட்டார் அடியில் நடக்கும், நடுநடுவே மூவரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்வார்கள். ஸ்காண்டிநேவியா முழுக்கக் கொண்டாடப்பட்டார்கள், அமெரிக்காவுக்கும் போய் வந்தார்கள். சில ஆண்டுகளில் கலைந்துவிட்டது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. சிரிக்க வைப்பவரைக் கனமான விமர்சகர்கள் கனமாக எடுத்துக்கொள்வதில்லை. ஜாஸ் வயலின் என்றால் பிரான்சின் ஸ்டெஃபான் கிராப்பெல்லி பெயரை எவரும் சொல்வார்கள், அஸ்முசன் பெயரைத் தேடித்தான் சொல்வார்கள். சொந்த ஊரிலேயே நல்ல வரும்படியோடு கேளிக்கைக் கலைஞராக இருந்துவிட்டதும் ஒரு காரணம். ஆனால் இசைக்காரர்கள் ஏமாறவில்லை. 1963 பிப்ரவரியில் அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எல்லிங்டன் பாரிஸில் வயலின்களுக்கென்றே ஒரு பதிவு செய்தபோது கிராப்பெல்லி, ரே நான்ஸ் இவர்களோடு அஸ்முசனையும் அழைத்தார். மூவரும் வயலினாக இருந்தால் மேலே கூட்டம், கீழே காலி என்பதாலோ என்னவோ, அஸ்முசன் அதில் சற்றுத் தடித்த குரலுள்ள வயோலாவை எடுத்துக்கொண்டார். 1966 செப்டம்பர் 30 அன்று ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் நான்கு ஜாஸ் வயலின்கள் ஒரே மேடையில்: கிராப்பெல்லி, ஸ்டஃப் ஸ்மித், அஸ்முசன், இளைஞர் ழான்-லுக் பாந்தி. பின்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசித்த மூவரும் கோபன்ஹேகனில் வசித்த கென்னி ட்ரூ, நீல்ஸ்-ஹென்னிங் ஓர்ஸ்டெட் பெடர்சன், அலெக்ஸ் ரீல். பாஸ் வாசித்த பெடர்சனுக்கு அப்போது இருபது வயது. பதினேழு வயதில் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேசி தம் குழுவுக்குக் கூப்பிட்டும் போகாதவர்.

கோபன்ஹேகனும் நடிப்பும் என்று வரும்போது விட்டுவிடக் கூடாத இன்னொருவர் சாக்ஸஃபோன் கலைஞர் டெக்ஸ்டர் கோர்டன். அமெரிக்கர், ஆனால் 1962 முதல் 1976 வரை அந்த நகரமே அவர் வீடு. 1986இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் ஐரோப்பாவில் வாழும் வயதான ஜாஸ் கலைஞராக நடித்தார். நடிப்புப் பள்ளிப் படிப்பு எதுவும் இல்லாமல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அவர் வசனம் பேசுவதைக் கவனித்தால் சாக்ஸஃபோனில் எப்படித் தட்டுக்குச் சற்றுப் பிந்தி வருவாரோ அப்படியே சொற்களையும் பிந்தவிடுவார். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு, ஒரு கணம் விட்டு, பிறகு பதில் சொல்வது. ஜாஸ்காரர்கள் இரவெல்லாம் செய்வது அதைத்தான்.

கேட்டுப் பார்க்க

இவ்வளவு படித்த பிறகு காதுக்கு வேலை கொடுக்க வேண்டாமா? அஸ்முசனின் 1940களின் பதிவு ஒன்றை எடுங்கள். முதல் சுற்றில் மெட்டை முணுமுணுக்கப் பழகுங்கள். இரண்டாவது சுற்றில் வயலின் அலையத் தொடங்கியதும் அந்த மெட்டையே மனதுக்குள் ஓடவிடுங்கள். இரண்டும் எங்கே உரசுகின்றன, எங்கே மறுபடி கைகோக்கின்றன என்று கேளுங்கள். பத்து முறை கேட்டால் கார்டுகளின் பெயர் தெரியாமலே பெட்டி மாறும் இடங்கள் தெரியத் தொடங்கும்.

அதன்பின் 1978ஆம் ஆண்டின் ஒரு தட்டுக்குப் போங்கள். டென்மார்க்கின் ஸ்டோரிவில் நிறுவனம் வெளியிட்டது, பெயர் ‘கார்லண்ட்’. அதில் அஸ்முசனோடு வாசிப்பவர் எல். சுப்பிரமணியம். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த காலத்தில் அங்கே வளர்ந்து, வீட்டிலேயே தந்தையை குருவாகக் கொண்டு பயின்றவர். ஒருவர் தரையில் சம்மணமிட்டு மார்புக்கும் காலுக்கும் நடுவே வயலினைச் சாய்த்துப் பழகியவர், மற்றவர் நின்றுகொண்டு தாடையில் இடுக்கிப் பழகியவர். அஸ்முசனுக்கு அப்போது 62 வயது, சுப்பிரமணியத்துக்கு முப்பதை ஒட்டிய வயது. கமகத்தில் ஊறிய வில் எது, வெனூட்டி தட்டில் ஊறிய வில் எது என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பாருங்கள்.